சிவந்த கண்ணுக்கு ஒரு மலிவு மருந்து

தலையணைப் பட்டறையில் பஞ்சு அடைப்பது அவள் வேலை. அங்கே காற்றிலேயே பஞ்சு மிதக்கும். அவள் கண்ணுக்கு அது ஆகாது. சிவந்து, இமை வீங்கி, நீர் தானாக வழியும். டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து நன்றாகத்தான் கேட்டது. ஆனால் விலை கையைக் கடித்தது. ஒரு பாட்டிலோடு விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்தில் உறை தைக்கிற அக்கா முதன்முதலாக அவளிடம் பேசினாள். வாய் ஓயாதவள் என்பதால் பட்டறையில் அவள் பெயர் ரேடியோ.

"என்னடி, ராத்திரி பூரா அழுதியா? புருஷன் அடிச்சானா?"

அலர்ஜி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் ரேடியோவின் கை தோளில் விழுந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் தொட்டதில்லை. ஆமாம் என்று தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது.

இல்லாத புருஷன் அப்படித்தான் பிறந்தான். ரேடியோ அவனுக்குக் குடிப்பழக்கம் வைத்தாள், முன்கோபம் வைத்தாள், போதாதென்று ஒரு தொடுப்பையும் சேர்த்துவிட்டாள். இவள் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். மதியம் ரேடியோவின் சாப்பாட்டில் பாதி இவள் தட்டுக்கு வரும். வேலை முடிந்ததும் இருவரும் வாசலில் நின்று அவனை வாயாரத் திட்டுவார்கள். திட்டுவது ரேடியோ, கேட்டுக்கொண்டிருப்பது இவள். வீட்டுக்குப் போனால் பேச்சுத் துணைக்குக் குழாய்ச் சொட்டுதான்.

ஒருநாள் இமை திறக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. ரேடியோ பார்த்துவிட்டுக் கொதித்தாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பியைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வரேன். அவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா வந்தால் குட்டு உடைந்துவிடும். அதோடு அக்காவும் போய்விடுவாள். கண் தெளிந்தால்தான் அவள் வராமல் இருப்பாள். அன்று மாலையே மருந்துக்கடைக்கு ஓடினாள். பழைய பாட்டிலின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார்.

"இதுவும் அதே மருந்துதாம்மா. கம்பெனிதான் வேற. கால்வாசி விலை."

"பேரே வேறயா இருக்கே?"

"அது மேல ஒட்டின பேரு. கீழ பொடி எழுத்துல மருந்தோட பேரு இருக்கு பாருங்க, ரெண்டுலயும் ஒண்ணுதான். அளவும் ஒண்ணுதான்."

"கேக்குமா?"

"ஏன் கேக்காது? உங்க கண்ணுக்குப் படிக்கவா தெரியும்?"

கேட்டது. வார முடிவுக்குள் வீக்கம் வடிந்து, கண் தெளிந்துவிட்டது.

ரேடியோ அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அடியே! அழவே இல்லையே நீ! திருந்திட்டானா?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ம்" என்றாள்.

"நான் வரப்போறேன்னு சொல்லியிருப்பே, பயந்துட்டான்!" ரேடியோ பட்டறைக்கே கேட்கும்படி சிரித்தாள். "இனிமே எனக்கு உன் கவலை இல்ல."

அன்று மதியம் ரேடியோ பொத்தான் தைக்கிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு மாமியார் தொல்லை, நிஜமாகவே.

மாலையில் இவள் வழக்கம்போல வாசலில் நின்றாள். ரேடியோ அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"இங்க என்னடி நிக்கறே? காத்துக்கிட்டிருப்பான். ஓடு!"

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இவள் தெருமுனைவரை வேகமாக நடந்தாள். முனை திரும்பியதும் நடை தளர்ந்தது. வழியில் ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தபடி போனாள்.