இரண்டாம் பாகத்தின் முடிவைச் சொன்னவர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு சாராரைக் கிண்டல் செய்வதற்காகவே எழுத உட்கார்ந்தேன். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, கோடை மலருக்கு 'லேசாக' ஏதாவது வேண்டும் என்றார். லேசாக என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலோர ஊர், விடுமுறைக்கு வந்திறங்கும் பதினேழு வயதுப் பெண், சட்டையின் மேல் பொத்தானைப் போடவே தெரியாத ஒரு பையன் என்று ஒரே அச்சில் வார்த்த நாவல்கள் குவிந்து கிடக்கின்றன அல்லவா? அவற்றை வரிசையாக வாங்கிப் படிக்கும் வளர்ந்த மனிதர்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'கடல் நீலமாக இருந்தது.' (வேறென்ன நிறத்தில் இருக்கும்? அடித்தாயிற்று.)

'அவள் அந்த ஊரில் வந்து இறங்கியபோது, அந்தக் கோடை தன் வாழ்க்கையையே' (இதற்கு மேல் கை நகரவில்லை. இந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நான் யார் முகத்தில் விழிப்பது?)

'நாற்பத்தைந்து வயதாகியும் இன்னும் வளராத ஒரு பெண்மணி' (இது கதையல்ல, வசவு.)

கடைசியாக, அந்தப் பெண்மணியை விட்டுவிட்டு அவளுடைய கணவரிடமிருந்து தொடங்குவதென்று முடிவு செய்தேன். ஏளனம் செய்யக் கிளம்பியவனுக்கு, அதை ஏற்கெனவே தொழில்போலச் செய்துவரும் ஒருவரைவிட நல்ல வழித்துணை யார்?

2

அவர் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். வீட்டுக்கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. கூரையை முட்டும் மேல்தட்டுகளில் அவருடைய புத்தகங்கள்: கனமானவை, தூசு தட்டினால் தும்மல் வருபவை. மனைவியின் நாவல்களுக்குத் தரையோடு ஒட்டிய கடைசித் தட்டு, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். "மேல இலக்கியம், கீழ இவ படிக்கிறது, பக்கத்துல செருப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். முதல் தடவை வந்தவர்கள் சிரிப்பார்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருப்பார்கள்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. நோயாளியின் முகவாயை இயந்திரத்தில் பொருத்தி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வாள். எந்தெந்த இடத்தில் அழுத்தவில்லை என்பது திரையில் கறுப்பாக விழும். பார்வை போகப் போகிறது என்பது மருத்துவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. "டாக்டர் சொல்வாங்க" என்பது மட்டும்தான் அவள் பேச வேண்டிய வசனம். வீட்டுக்கு வந்ததும் கால்களை நீட்டிக்கொண்டு, யாரோ ஒரு பெண் யாரோ ஒரு பையனோடு கடற்கரையில் நடப்பதைப் படிப்பாள்.

(இந்த மனைவிமேல் எனக்குச் சந்தேகம். வருஷக்கணக்காகக் கேலியைக் கேட்டுக்கொண்டு இவ்வளவு சாதுவாக ஒருத்தி இருப்பாளா? இருக்கமாட்டாள். ஆகவே சேர்க்கிறேன்: அவளும் விடமாட்டாள். "உங்க புத்தகத்துல ஒருத்தன் நானூறு பக்கம் ஜன்னல் வழியா மழையைப் பார்க்கிறான். எழுந்து அந்த ஜன்னலை மூடினாலாவது கதை நகரும்" என்பாள். இப்போது நம்புகிறேன்.)

பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி உண்டு. அவள் கொலைக்கதை தவிர எதையும் தொடமாட்டாள்.

ஒரு நாள் கல்லூரிப் படிக்கட்டில், யாருடைய முன்னுரையையோ போனில் கிழித்துக்கொண்டே இறங்கியவர், கடைசிப் படியை விட்டுவிட்டார். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு.*

* அவர்தான் நானா என்று கேட்காதீர்கள். நான் எதையும் உடைத்துக்கொண்டதில்லை.

3

மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட, கூடத்தில் சோபாவில் அவர் தனியாகக் கிடந்தார். மேல்தட்டுப் புத்தகங்களுக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஒற்றைக் காலில் யார் ஏறுவது? கைக்கு எட்டியது கடைசித் தட்டு மட்டுமே.

கிழிப்பதற்காகத்தான் எடுத்தார். பென்சிலும் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்திலேயே மூன்று இடத்தில் கோடு போட்டார். ஓரத்தில் 'ஐயோ' என்று எழுதினார்.

அவர் நிலைமையில் நானும் எழுதியிருப்பேன். இந்த நாவல்களில் கடற்கரை ஊர் என்றால் மீன் நாற்றமே இருக்காது. வெயிலில் யாருக்கும் தோல் உரியாது. ஊரில் இருப்பதே ஒரு தெரு. அதில் இருக்கும் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்கு ஐந்து பேர், ஐந்து பேரும் அழகு. பெண்ணுக்கு ஒரு சித்தி கட்டாயம். அந்தச் சித்திக்குக் கடலைப் பார்த்த வீடு கட்டாயம். வீட்டைத் துடைப்பது யார் என்று கேட்கக் கூடாது. பையனுக்குப் புருவத்தில் தழும்பு. கோடை முழுக்க மழை ஒரே ஒரு தடவைதான் பெய்யும், அதுவும் இரண்டு பேரும் படகுக் கொட்டகையில் மாட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து. வானிலை ஆய்வு நிலையத்தில் இப்படி ஓர் ஆள் இருந்தால் நாட்டுக்கு எவ்வளவு நல்லது!

(கேலி செய்யப் பொருள் வேண்டுமே என்று நானும் பத்துப் பன்னிரண்டு படித்தேன். அதற்குமேல் படித்தது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதது. கட்டுரை என்றா எழுதினேன்? கதை.)

அவர் படித்ததில் படகு பழுதுபார்க்கிற பையன் ஒருவன், சைக்கிள் வாடகைக்கு விடுகிற பையன் ஒருவன். மதியம்வரை பென்சில் ஓடியது. படகுக்காரன் தன் அப்பாவின் உடைந்த படகை அவளுக்குத் தெரியாமல் சரிசெய்து, அதற்கு அவள் பெயரை வைக்கிற இடத்தில் பென்சில் சோபாவுக்கு அடியில் உருண்டது. அவர் எடுக்கவில்லை. வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது அவர் கடைசி அத்தியாயத்தில் இருந்தார். புத்தகத்தை அவசரமாகத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக் குறட்டை விட்டார்.

முதல் பாகம் படகுத்துறையில், பாதி முத்தத்தில், 'தொடரும்' என்று முடிந்திருந்தது.

4

இரண்டாம் பாகம் மனைவியின் கைப்பையில் இருந்தது. பஸ்ஸில் போகவர அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், முக்கால்வாசி முடித்திருந்தாள். கேட்டிருந்தால் முடித்துவிட்டுக் கொடுத்திருப்பாள். ஆனால் எப்படிக் கேட்பது? வாய் இருக்கிறதே, வருஷக்கணக்காகப் பேசிய வாய்!

அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய பையிலிருந்து எடுத்து, சோபா இடுக்கில் ஒளித்தார்.

மறுநாள் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மகளை அதட்டினாள். கூடத்தில் வந்து சோபாவுக்கு அடியில் குனிந்தபோது, இவர் மாவுக்கட்டுக் காலைக் கையால் தூக்கி இடம் விட்டார்.

"பஸ்லயே விட்டிருப்ப" என்றார். "போனா போகுது விடு. இந்த மாதிரி நாளைக்கே இன்னும் நாலு வரும்."

"நல்ல கட்டத்துல இருந்துச்சுங்க" என்றாள் அவள். முகம் வாடியிருந்தது.

அவர் சோபா இடுக்கின்மேல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். (இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். ஒரு மனிதரை இவ்வளவு அற்பமாகக் காட்டலாமா? ஆனால் உட்கார்ந்தாரே.)

5

மாதாமாதம் கூடும் வாசகர் வட்டம், கால் உடைந்ததை முன்னிட்டு, அந்த மாதம் அவர் வீட்டிலேயே கூடியது. வட்டம் என்பது பெரிய வார்த்தை. வந்தது இரண்டு பேர். ஒருவர் பல் மருத்துவர், மனைவிக்கு அண்ணன். இன்னொருவர் கவிஞர், எங்கேயும் முற்றுப்புள்ளி வைக்காததால் 'முற்றுப்புள்ளி' என்றே பெயர்.

முற்றுப்புள்ளி செருப்பைக் கழற்றும்போது முதல் பாகம் கண்ணில் பட்டது. அட்டையில் மணலில் இரண்டு ஜோடி வெறுங்கால்கள். எடுத்துக் குரலை நடுங்கவிட்டுப் படித்தார்:

"'அவன் கண்களில் நான் அலைகளைக் கண்டேன்…'"

"கண்ணுல அலை தெரிஞ்சா அது வியாதி" என்றார் மருத்துவர். "தங்கச்சிகிட்ட அனுப்பு. மெஷின்ல உட்கார வெச்சுப் பார்த்துடுவா."

அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூட்டம் கூடினால் நம்மவருக்குக் கால் உடைந்ததுகூட மறந்துபோகும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதெல்லாம் படிக்கிறவங்க மூளைக்கு நிரந்தரக் கோடை லீவு. பக்கத்தைப் புரட்ட விரல் மட்டும் இருந்தா போதும். எங்க வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க, பாவம், மெஷினுக்குள்ள நாள் முழுக்க எட்டிப் பார்த்து…"

மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. திரை கறுக்கும்போது வைத்துக்கொள்கிற அதே முகம்.

மைத்துனர் பேச்சை மாற்றப் பார்த்தார். "அது கெடக்கட்டும் மாப்ளே. கடைசியில அந்தப் பொண்ணு யாரைத்தான் கட்டிக்கிறா?"

"எங்க கட்டிக்கிறா?" நம்மவர் சோபாவின் கைப்பிடியில் அறைந்தார். "புத்தி கெட்டவ! அந்தப் படகுக்காரன் ராத்திரி பூரா மழையில துறையிலேயே நிக்கிறான். அவன விட்டுட்டு சைக்கிள் கடைக்காரன்கூட ரயில் ஏறிப் போயிடறா! அவன் அந்தப் படகை என்ன பண்றான் தெரியுமா? பேரை அழிச்சிட்டு வித்துடறான் மச்சான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு…"

குரல் உடைந்தது.

"இதுல ரயிலே இல்லியே" என்று முற்றுப்புள்ளி கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

உள்ளறை வாசலிலிருந்து மகள் சொன்னாள்: "அது ரெண்டாம் பாகம் அங்கிள். அம்மா ஒரு வாரமா தேடிட்டிருக்காங்களே, அது."

6

இந்த இடத்தில் மனைவி சிரிப்பதாகத்தான் முதலில் எழுதினேன். 'மாட்டிக்கிட்டீங்களா' என்று அவள் சிரிக்க, எல்லாரும் சிரிக்க, டீ வர, சுபம். அவள் ஒத்துழைக்கவில்லை.

"எனக்கு முடிவைச் சொல்லிட்டீங்க" என்றாள்.

"நான் சும்மா, ஒரு ஆராய்ச்சிக்காக…"

"கேலி பண்ணீங்க, சரி. திருடினீங்க, அதுகூடப் போகட்டும். காலைத் தூக்கிக் காட்டினீங்களே, அதுவும் தொலையட்டும். நாள் முழுக்க எத்தனை பேரோட முடிவை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? மனுஷங்க முடிவு. உங்களால ஒரு கதையோட முடிவை வெச்சுக்க முடியல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கச்சி வீட்டுக் கதவு இப்படிச் சாத்தப்பட்டதை அண்ணன் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

(இவ்வளவு நேரமும் கணவருக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்' என்று எழுதிவந்திருக்கிறேன். கை தானாகச் செய்தது. இனிமேல் கூசுகிறது. மரியாதையை இடம் மாற்றிவிடுகிறேன்: இங்கிருந்து 'அவர்' என்றால் மனைவி, 'அவன்' என்றால் இலக்கியம் நடத்துகிறவன்.)

7

முடிவுகள் கைவசம் இரண்டு உண்டு.

ஒன்று: அவன் மனைவியைக் கடலோர ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறான். மணலில் மாவுக்கட்டின் தடமும் வெறுங்காலின் தடமும் பக்கத்தில் பக்கத்தில். (மாவுக்கட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று எந்த எலும்பு மருத்துவரையும் கேளுங்கள்.)

இரண்டு: அவன் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறான். அவன் கண்ணாடியில் தெரிவது மழையா, இருத்தலின் (மன்னிக்கவும். என்னாலேயே முடியவில்லை.)

8

நடந்தது இது. மறுநாள் மனைவி வேலைக்குப் போனார். பின்னாலேயே அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பஸ் ஏறிப் புத்தகக் கடைக்குப் போய், இளஞ்சிவப்பு அட்டைகள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் வியர்த்து நின்றான்.

"மூணாம் பாகம் இருக்காம்மா?"

"இருக்கு சார். பொண்ணுக்கா?"

"இல்ல, ஆராய்ச்சிக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்று கடைக்காரப் பெண் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

கண் மருத்துவமனையில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே பெஞ்சில் இடம் கிடைத்தது. உள்ளே மனைவி யாரையோ சோதித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கிற நேரத்தில் அட்டையை மட்டும் பார்க்கலாம் என்று உறையிலிருந்து எடுத்தான். பிறகு முதல் பக்கத்தை மட்டும்.

நிழல் விழுந்து நிமிர்ந்தபோது வெள்ளைக் கோட்டோடு மனைவி நின்றார். பக்கங்களுக்கு நடுவே மாட்டியிருந்த அவன் கட்டைவிரலைப் பார்த்தார். அது முதல் பக்கத்திலிருந்து வெகுதூரம் வந்திருந்தது.

"உனக்காகத்தான் வாங்கினேன்" என்றான்.

"தெரியுது."

"நேத்து நான் பேசினது…"

"படகுக்காரன் திரும்பி வர்றானா?" என்று கேட்டுவிட்டு, உடனே கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினார். "வேணாம். வாயத் திறக்காதீங்க."

புத்தகத்தை வாங்கினார். கடைசி அத்தியாயம் தொடங்கும் இடத்தைத் தேடி, பின்பக்கமாக வளைத்து, நிதானமாகக் கிழித்தார். கிழித்த தாள்களைப் படிக்காமல் நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். மீதியை அவன் மடியில் வைத்தார்.

"முடிச்சிட்டு எனக்குக் குடுங்க. கடைசி அத்தியாயம் நான் குடுக்கிறப்பதான்."

"எப்பக் குடுப்ப?"

மனைவி அவனைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

9

மன்னித்தாரா? அந்தத் தாள்கள் எப்போதாவது கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தனவா? கேட்பீர்கள் என்று தெரியும். கேட்காமல் உங்களால் இருக்க முடியாது. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்று தவிப்பவர்களைத்தானே நாம் இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு நேரம் கிண்டல் செய்தோம்?

நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு முடிவை வைத்துக்கொள்ளுங்கள், மழைகூடப் பெய்யட்டும். ஒன்று மட்டும்: பக்கத்தில் உட்கார்ந்து இதையே படித்துக்கொண்டிருப்பவரிடம் வாயை விட்டுவிடாதீர்கள்.