தேக்கு நிறத்தில் ஓர் உத்திரம்

வாட்ஸப் ஸ்டேட்டஸில் அந்தப் படம் வந்தபோது நித்யா மேரி கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று இட்லி தின்றுகொண்டிருந்தாள். வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது அவள் தொழில். படத்தில் இருந்தது, போன மாதம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜமாணிக்கம் வீட்டுக்கு அவள் செய்து கொடுத்த ஹால். பூசாமல் விட்ட செங்கல் சுவர், மேலே குறுக்காக மூன்று உத்திரங்கள். நடு உத்திரத்தில் கொக்கி போட்டு, மல்லிகை சுற்றிய ஊஞ்சலைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'இன்று எங்கள் வீட்டு மருமகள் வெண்மதிக்கு வளைகாப்பு.' பாதி இட்லியைத் தட்டோடு வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினாள்.

அந்த உத்திரம் மரமே இல்லை. கான்கிரீட் வீட்டில் உத்திரத்துக்கு என்ன வேலை? வீட்டுக்காரர்கள் போனில் ஏதோ படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். இவளும் மெல்லிய பிளைவுட்டில் நீளப் பெட்டி செய்து, தேக்கு நிறத்தில் தாள் ஒட்டி, நாலைந்து திருகாணியில் கூரையோடு நிறுத்திவிடுவாள். உள்ளே வெறும் காற்று. எல்லாரும் செய்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் வேலை முடிந்த அன்று ராஜமாணிக்கத்தின் மனைவி கொளஞ்சியம்மாள் ஸ்டூலில் ஏறி நின்று உத்திரத்தை ஆசையாகத் தடவி, "தேக்காம்மா?" என்று கேட்டார். அந்தப் பூரிப்பு நித்யாவுக்கும் இனித்தது. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டாள். உத்திரம் என்று ஒன்று இருந்தால் நம் ஜனங்கள் அதில் ஊஞ்சல் கட்டாமல் இருப்பார்களா? அது அவளுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதும் வெண்மதியின் கணவன் ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை எடுத்தான். பின்னால் மேளச் சத்தம்.

"சார், ஊஞ்சல்ல யாரும் ஒக்கார வேணாம்."

"ஏன் மேடம், நேத்து நானே ஒக்காந்து பாத்தேன். ட்ரில்லு போட்டா வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குச்சு. நல்ல மரம் மேடம்!"

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து சீட்டுப் பெண்மணி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்தத் தொழிலில் இனி தன்னை யார் நம்புவார்கள் என்று ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடியில் அவன், "மேளத்துல ஒண்ணும் கேக்கல, நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டான். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடியே இருந்தாள். ஏழு மாத வயிறு. அதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே ஓடியபோது வெண்மதி ஊஞ்சலில் இருந்தாள். இரண்டு கையிலும் வளையல், கன்னத்தில் சந்தனம். பெண்கள் சிரித்துக்கொண்டே மெதுவாக ஆட்டிவிட்டார்கள். உத்திரம் கூரையைத் தொடும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஊஞ்சல் முன்னால் போகும்போது விரிந்தது, பின்னால் வரும்போது மூடிக்கொண்டது. நித்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வெண்மதியின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வளையல்கள் உடைந்தன.

"என்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா!" கொளஞ்சியம்மாள் பதறினார்.

"அது மரமில்லம்மா. பொட்டி. உள்ள ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

வெண்மதி எழுந்து தள்ளி நின்றாள். ஜெயப்பிரகாஷ் நம்பாமல் வந்து சங்கிலியைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். உத்திரத்தின் ஒரு முனை பெயர்ந்து சரிந்தது. ஊஞ்சல் பலகை தரையில் அறைந்தது. கிழிந்த பெட்டியின் வாய் எல்லாருக்கும் தெரிந்தது. மேளம் நின்றுவிட்டது. வெண்மதி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, விழுந்த பலகையையே பார்த்தாள்.

யாரும் நித்யாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ராஜமாணிக்கம் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து செங்கல் சுவரின் பக்கம் நடந்தார்.

"இதுவாச்சும் செங்கல்லாம்மா?"

"செங்கல்தான் சார். சத்தியமா."

அவர் தலையாட்டினார். பிறகு விரலை மடக்கி ஒரு கல்லைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், பக்கத்துக் கல்லைத் தட்டினார். கூட்டம் கேட்டுக்கொண்டு நிற்க, அவர் அந்த வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குக் குனிந்தார்.