மடிக்கும் போன் வெளியான நாள்

செந்துறையிலிருந்து பஸ் ஏறி அரியலூரில் மாறி, கொளஞ்சியப்பன் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி பத்தேகால். நிகழ்ச்சி பதினொன்றுக்குத்தான். காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அவர் மாட்டியதைப் பார்த்து மனைவி வேணி கேட்டிருந்தாள்.

"யாரு வூட்டு விசேஷத்துக்குப் போறீங்க?"

"நிவிரா கம்பெனிக்காரன் இன்னிக்குப் புது போன் வுடுறான். பாய் கடையில உக்காந்து பாத்துட்டு வந்துடுறேன்."

"பாத்ததும் நம்ம பங்க வித்துட்டு வாங்க. போதும்."

"அதுக்குத்தானே போறேன்."

இரண்டரை ஏக்கர் முந்திரிக் கொல்லை அவர்களுக்கு இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக அதைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. சுற்றிலும் எல்லாரும் கொடுத்துவிட்ட பிறகு நடுவில் இவர்கள் மட்டும் வைத்திருந்து என்ன செய்வது? வந்த பணத்தில் திருமானூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தார். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நிலம் அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. முக்கால் ஏக்கருக்குக்கூடப் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹபிபுல்லா பங்குச் சந்தையைப் பற்றிச் சொன்னார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பதினான்கு வருஷம் மொபைல் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து பெரம்பலூரில் சொந்தக் கடை போட்டவர். நிவிரா போன்கள் அவர் கடையில் நன்றாக ஓடின. கம்பெனியின் பங்குகளையும் வாங்கி வைத்திருந்தார். "மடிக்கிற போன் ஒண்ணு கொண்டாறாங்கண்ணே. வெளியான அன்னிக்குப் பாருங்க" என்றார். கணக்குத் தொடங்கிக் கொடுத்தது, பட்டன்களைக் காட்டிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். சுற்று வட்டாரத்து ஆட்கள் நாற்பது பேரைச் சேர்த்துப் போனில் ஒரு குரூப்பும் நடத்தினார். நிலத்துப் பணம் முழுவதையும் கொளஞ்சியப்பன் நிவிராவில் போட்டார்.

கடையில் நுழைந்ததும், "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் ஹபிபுல்லா. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு போனின் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரில் இருந்த டிவியில் நிகழ்ச்சி தொடங்கியது. கம்பெனி முதலாளி கறுப்பு பனியனோடு மேடையில் நடந்தார். பையிலிருந்து போனை எடுத்தார். விரித்தார், மடித்தார். கூட்டம் கைதட்டியது. கொளஞ்சியப்பனும் கைதட்டினார். கையிலிருந்த போனில் பங்கு விலை பச்சையாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறுது பாய்!"

"ம்" என்றார் ஹபிபுல்லா.

பிறகு முதலாளி விலையைச் சொன்னார். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்கு எப்போது வரும் என்ற கேள்விக்கு, விரைவில் என்று சொல்லிச் சிரித்தார். இந்த முறை கைதட்டல் அவ்வளவாக இல்லை.

பச்சை நின்றது. பிறகு சிவப்பு. ஐந்து நிமிஷத்தில் காலை விலைக்குக் கீழே போய்விட்டது. கொளஞ்சியப்பன் விற்கும் பட்டனை அமுக்கினார். போகவில்லை. மறுபடி அமுக்கினார்.

"பாய், வாங்கிக்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்களேன்."

ஹபிபுல்லா போனை வாங்கிப் பார்த்தார். "இன்னிக்கு இதுக்கு மேல எறங்காதுண்ணே. ஒரு நாளைக்கு இவ்ளோதான் எறங்கலாம்னு சந்தையில ஒரு அளவு இருக்கு, அதத் தொட்டுடுச்சு. எல்லாரும் விக்க நிக்கிறாங்க, வாங்க ஆளு இல்ல."

"அப்ப உங்களுது?"

ஹபிபுல்லா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுதும் மாட்டிக்கிச்சா பாய்?"

"என்னுது இல்லண்ணே. போன வாரமே குடுத்துட்டேன்."

கொளஞ்சியப்பனுக்கு முதலில் அது புரியவில்லை. யாருக்குக் கொடுத்தார் என்றுதான் யோசித்தார்.

"திருச்சியில கடைக்காரங்களக் கூப்ட்டு அந்த போனக் காட்டுனாங்க" என்றார் ஹபிபுல்லா, குரலைத் தாழ்த்தி. "நானும் ஒரு முப்பது தடவ மடிச்சுப் பாத்தேன். நடுவுல கோடு வுழுந்துடுச்சு. சூடு வேற. இது ஓடாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டச் சொன்னா குரூப்புல நாப்பது பேருக்கும் சொல்லணும். அவங்க மூலமா ஊரெல்லாம் பரவி எல்லாரும் ஒரே நேரத்துல வித்தா வெல வுழுந்துடும். என்னுது போகாதுன்னு..." மேசை மேலிருந்த துணியை எடுத்து மடித்தார். "வித்தப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அல்லா மேல ஆணையா, மூணு தடவ உங்க நம்பர எடுத்தேன். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு வச்சுட்டேன்."

அந்த நேரம் ஒரு வாடிக்கையாளர் வந்து, "பாய், மடிக்கிற போன் வந்துடுச்சா?" என்றார்.

"அடுத்த மாசம் வந்துடும் சார். அருமையான செட்டு. இப்பவே பேரு குடுத்துருங்க" என்றார் ஹபிபுல்லா. பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தைகள். சொன்ன பிறகுதான் கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினார்.

கொளஞ்சியப்பன் எழுந்துவிட்டார்.

"அண்ணே, என்னுதுல கொஞ்சம் தரேண்ணே. வச்சுக்குங்க."

"அத என்னன்னு சொல்லி வாங்குறது பாய்?" என்றார். திட்ட வேண்டும் என்று நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலை சந்தை திறக்கும் நேரத்துக்கு விற்கப் போடுவார். திறந்த நிமிஷமே விலை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், நீண்ட கால முதலீட்டாளர்கள் பொறுமையாக இருக்கலாம் என்றார். இன்னொருவர், இந்த விலையில் வாங்கினால் லாபம் என்றார். எட்டாம் நாள்தான் விற்றது. போட்டதில் பாதிகூட வரவில்லை.

வேணி கத்தவில்லை. தொகையைக் கேட்டாள். சொன்னார். "இனிமே அந்த போன என் கண்ணுல காட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாள். மிச்சப் பணத்தைத் தன் பெயரில் தபால் ஆபீஸில் போட்டாள். அவள் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டார். திருமானூரைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஹபிபுல்லா ஒரு பை நிறையப் பழத்தோடு செந்துறைக்கு வந்தார். வேணி வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவரு சொரங்க கேட்டுல நிக்கிறாரு. போய்ப் பாருங்க."

ஊருக்கு வெளியே புழுதி பறந்த சாலையின் முடிவில் கம்பி கேட். தொளதொளவென்ற நீலக் காவலாளிச் சட்டையும் தொப்பியுமாகக் கொளஞ்சியப்பன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், முந்திரி மரங்கள் நின்ற இடத்தில், நாலு பனை ஆழத்துக்கு வெள்ளையாகப் பள்ளம்.

ஹபிபுல்லாவைப் பார்த்ததும் எழுந்தார். நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"பேரு, ஊரு, யாரப் பாக்கணும்னு எழுதுங்க."

"உங்களத்தாண்ணே பாக்க வந்தேன்."

"டூட்டில இருக்கையில யாரும் எங்களப் பாக்கக் கூடாது பாய்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆபீஸில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். பிறகு ஹபிபுல்லாவின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார்.

"டிப்பர் வருது. தள்ளி நில்லுங்க."

கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். வரிசையாக ஆறு வண்டிகள் உள்ளே போயின. புழுதி அடங்கியபோது அவர் கேட்டை மூடிவிட்டு, வண்டி எண்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஹபிபுல்லா பழப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கொளஞ்சியப்பன் நிமிரவில்லை.