எங்கள் பங்கின் கடைசி நோயாளி

1

இந்தக் கதைக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார்தான் கேட்டார். ஆலய மலருக்கு ஒரு பக்கம் வேண்டும், பொருள் ‘பிறருக்குப் பணி செய்யாத பங்கு பங்கே அல்ல’, உருக்கமாக இருக்கட்டும், உங்கள் கிண்டலெல்லாம் வேண்டாம் என்றார். “சரி சாமி” என்றேன். சொன்ன நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன்.

முதல் தொடக்கம்: ‘பணி என்பது ஒரு விளக்கு. அது...’ (அது என்ன செய்யும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: ‘ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியபோது...’ (இதை எல்லா மலரிலும் எல்லாரும் எழுதியாயிற்று. அந்தக் கால்கள் இந்நேரம் ஊறிப்போயிருக்கும்.)

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நடந்ததைச் சொல்வது. எங்கள் பங்கில் பணி செய்ய ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

2

நம்ப மாட்டீர்கள். ஒருவர் கோயில் வாசலில் செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். நிமிர்வதற்குள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். நோயாளர் பணிக்குழு அப்படி வேலை செய்தது.*

(* ஸ்ட்ரெச்சரை நான் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தேன். ஒற்றையாகக் கிடந்தது.)

இப்படி விழுந்து விழுந்து கவனித்ததில், நோயாளிகளில் சிலர் குணமானார்கள், சிலர் பயந்துபோய் மகன் வீட்டுக்கு இடம் மாறினார்கள், மற்றவர்கள் ஆண்டவரிடம் போனார்கள். மிஞ்சியவர் தையல்காரர் ஒருவர்தான். மேல் தட்டிலிருந்து துணிச் சுருளை இழுக்கும்போது ஸ்டூலோடு விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். தனிக்கட்டை.

குழு மொத்தமும் அவர் மேல் இறங்கியது. ஒருவர் சவரம் செய்தார். ஒருவர் செய்தித்தாள் வாசித்தார். ஒருவர் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுப் போனார், அடுத்து வந்தவர் இறக்கி வைத்தார். சூப் ஊட்டுவது பெரியக்கா. முறிந்தது இடுப்பு, கை நன்றாகத்தான் இருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவர் உட்பட.

3

பெரியக்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குழுவின் தலைவி, கணவர் இறந்த மறுவாரமே பணிக்கு வந்தவர், அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி. இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாது. நம்பும்படியாக ஒரு குறை வைப்போம் என்று தேடினேன். கிடைத்தது: அவர் வீட்டுக்குள் யாரும் போனதில்லை. நோயாளிகள் எல்லாருடைய வீட்டுச் சாவியும் அவரிடம் ஒரு வளையத்தில் தொங்கும். அவர் வீட்டுச் சாவி யாரிடமும் இல்லை.

இன்னொன்று, வலது முட்டி. படியேறும்போது அது எழுப்பும் சத்தம் அவருக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டும்.

ஒரு காலை, ஸ்பூனை நீட்டியபடியே சொன்னார்: “முட்டிய உடனே மாத்தணும்னு டாக்டர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு, அண்ணே.”

“மாத்திக்க வேண்டியதுதானே?”

“உங்கள இப்படிப் போட்டுட்டு நான் எங்க போறது? வாயத் திறங்க.”

தையல்காரர் வாயைத் திறந்தார். அன்று சூப் அவருக்கு இறங்கவில்லை.

4

இனி வருவதை மூன்று தடவை அடித்து எழுதினேன்.

ஞாயிறு திருப்பலி. சாமியார் மறையுரையில் பணியின் மேன்மைக்கு உதாரணமாகத் தையல்காரரையே சொல்லிக்கொண்டிருந்தார். “படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நம் சகோதரர்...” என்று அவர் கையை உயர்த்தியபோது, அந்தச் சகோதரர் பக்கவாசல் வழியே நடந்து வந்து, முழங்கால் மடக்கி வணங்கி, ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

ஆர்மோனியக்காரரின் விரல் ஒரு கட்டையின் மேல் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது. அந்த ஒற்றைச் சுரம் கோயில் முழுக்க நின்றது. பின்வரிசையில் ஒருவர் “புதுமை! ஆண்டவர் செஞ்ச அற்புதம்!” என்று அலறி மண்டியிட்டார். சாமியாரின் முகம் வெளுத்தது. புதுமை என்றால் மேலிடத்துக்கு, ஆயர் இல்லத்துக்கு, எழுத வேண்டும்.

தையல்காரர் எழுந்து நின்றார். “புதுமையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் ரொம்ப நாளாவே நடக்குறேன்.”

மண்டியிட்டவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

பெரியக்கா எழுந்தார். “அப்போ நான் தெனமும் வந்து ஊட்டினது?”

“நல்லா இருந்துச்சு, அக்கா.”

“என் சாவிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக்குவீங்களா?”

“ஓடல. வேகமா நடப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. யாரோ அவரைப் பொது இடத்தில் அறைந்ததுபோல இருந்தார். சாவி வளையத்திலிருந்து தையல்காரர் வீட்டுச் சாவியைக் கழற்றி, அவர் இருக்கையில் வைத்துவிட்டு, முட்டி சத்தமிட வெளியேறினார்.

(இந்த இடத்தில் சாமியார் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: ‘இது தேவையா? மலருக்கு நன்கொடை தருபவர்கள் வாசிப்பார்கள்.’ தேவைதான், சாமி. அவர்களும் அன்று அங்கே வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தார்கள்.)

5

அதன் பிறகு பெரியக்கா கோயிலுக்கு வரவில்லை. கோபம் தணியட்டும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். ஊரில் ஒருவர் தும்மினால் ஓடுகிற குழு, தலைவி காணாமல் போனதைக் கோபம் என்று முடிவு கட்டியது. அவருக்கு உதவி தேவைப்படலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தையல்காரர் போனார். பெரியக்கா வீடு அடுக்குமாடியில் மூன்றாவது தளம், நீண்ட நடைவழி, மூடிய கதவு. தட்டினார்.

“யாரு?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரல் கதவின் அடியிலிருந்து வந்தது.

“நான்தான், அக்கா. தையல்காரன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. போங்க.”

அவர் போகவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, நடைவழியின் தரையில் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்தார். படுப்பதில் அவருக்கு இருந்த பழக்கம் எங்கள் பங்கில் வேறு யாருக்கும் கிடையாது.

“முட்டியா?”

“மடங்கிருச்சு. எந்திரிக்க முடியல.”

“எப்போ?”

“அது எதுக்கு?”

“சத்தம் போட்டிருந்தா பக்கத்து வீட்டுல வந்திருப்பாங்களே!”

“வந்து பாப்பாங்க.”

“சாவி எங்க?”

“கையிலதான் இருக்கு.”

“இடுக்கு வழியாத் தள்ளிவிடுங்க, அக்கா.”

“அண்ணே... நான் நனைஞ்சு கெடக்கேன்.”

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “மொத மாசம் நான் நெசமாவே அசைய முடியாமக் கெடந்தேன். என்ன மாத்தி விட்டது யாரு?”

“அது வேற.”

“எப்படி வேற?”

பெரியக்கா கேட்டார்: “நடக்க முடிஞ்ச பிறகும் எதுக்கு அண்ணே படுத்தே கெடந்தீங்க?”

“காலையில நீங்க கதவத் திறந்து வர்றப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எழுந்துட்டா அது போயிருமேன்னு படுத்தேன். அப்புறம் உங்க முட்டி போயிருமேன்னு எழுந்தேன். ரெண்டும் போச்சு.”

உள்ளே சாவிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது.

6

கதை இங்கேயே நிற்கிறது. சாமியார் தீயணைப்புக்காரர்களை வரவழைத்துக் கதவை உடைப்பதாக முடிக்கச் சொல்கிறார். என் மனைவி, “சாவி வெளிய வந்துச்சுன்னு எழுதிட்டு, எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க” என்கிறாள்.

கதை எழுதுகிறவன் நினைத்தால் ஒரே வரி போதும். ‘கதவு திறந்தது.’ எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன். திறந்தவன் நான், பெரியக்கா இல்லை. அவரைக் கேட்காமல் உள்ளே நுழைந்து, அந்த நிலையில் அவரைப் பார்த்து, அதற்குப் பணி என்று பெயரும் வைத்திருப்பேன்.

ஆனால் ஒன்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எந்த முடிவு நல்ல முடிவு என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர் அந்தத் தரையில்தான் கிடக்கிறார்.

தையல்காரருக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. உங்களுக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து படுக்கிறார். வந்து படுங்கள். இனி நீங்கள் பேசுங்கள். சத்தமாக வேண்டாம், பெரியக்காவின் காது உள்ளே கதவை ஒட்டித்தான் இருக்கிறது.