ஊருக்குப் போனதாகச் சொல்லப்பட்டவர்

விஜயா சொன்ன பொய் சின்னதுதான். "அவரு ஊருக்குப் போயிருக்காருண்ணே, வேலூருக்கு. வர நாளாகும்." சனிக்கிழமைதோறும் கல்கத்தா பாலிகஞ்சில் இராஜமாணிக்கம் வீட்டில் பழைய பட்டாளத்துத் தமிழர்கள் கூடுவார்கள். அவள் புருஷன் பன்னீர்செல்வத்தை ஏன் காணோம் என்று இராஜமாணிக்கம் போன் பண்ணியபோது வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். பிறகு, பௌதி என்று அவள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணியிடமும் அதையே சொன்னாள். ஆளுக்கொரு பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் பாருங்கள்!

மனுஷர் எங்கும் போகவில்லை. பெஹாலா வீட்டின் உள்ளறையில், கட்டில் ஓரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கடைசிப் பணி கல்கத்தாவில் என்பதால் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. பனிமலையில் கூட இருந்த கூட்டாளிகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். உடுப்பு இருந்தவரை எப்படியோ சமாளித்தார். அதைக் கழற்றிய பிறகு தூக்கம் போயிற்று, சிரிப்பு போயிற்று, கடைசியில் பேச்சும் போயிற்று.

டாக்டரிடம் காட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் விஜயா எரிந்து விழுந்திருப்பாள். மகள் மேக்னாவுக்கு வரன் பார்க்கிற நேரம். பட்டாளத்துக்காரருக்குப் பைத்தியமாம் என்று ஒரு வாய் சொன்னால் போதாதா, கல்கத்தாவில் இருக்கிற தமிழ் வீடெல்லாம் சொல்லுமே!

சின்னப் பொய்தான், அதைக் காப்பாற்றத்தான் எத்தனை பாடு! ஊரில் இருக்கிறவர் பால் வாங்க எப்படி இறங்குவார்? பால்கனிப் பக்கம் தலை தெரியக் கூடாதென்று திரையை இழுத்துவிட்டாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அவர் எல்லையில் இருந்த காலத்திலும் அவள் ஏங்கினவள்தான். அந்த ஏக்கத்துக்கு ஒரு லீவு தேதி இருந்தது. காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கும்போதே, "இன்னா, இப்படி இளைச்சுட்ட?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்துவார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறார். அந்தக் கத்தலை ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பக்கத்தில் இருக்கிறவருக்காக ஏங்குவது போலக் கொடுமை வேறில்லை.

அன்று காலை இட்லித் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அதைத் தொடாமலே அவர் பேசினார். இத்தனை நாள் கழித்து வாய் திறந்தாரே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்துவிட்டது.

"விஜயா, நான் ஊருக்குப் போயிட்டதாவே இருக்கட்டும்."

"இன்னாங்க சொல்றீங்க?"

"நான் இல்லாம எல்லாம் நல்லாத்தான் நடக்குது. யாரும் தேடல. பாத்துக்கினுதானே இருக்கேன்."

யாரும் தேடவில்லையா? தேடினவர்களையெல்லாம் இவள்தானே பொய் சொல்லித் திருப்பி அனுப்பினாள்!

"செத்துப்போயிடலாம்னு இருக்கீங்களா?" கேட்டேவிட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வரனாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு கையால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அவரு ஊருக்குப் போகல. நான்தான் பொய் சொன்னேன். இங்கதான் இருக்காரு. உயிரோட இருக்க வேணாங்கிறாரு. எனக்குப் பயமா இருக்குண்ணே."

ஏன், எதற்கு என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அவன் பக்கத்துலயே இரும்மா. தனியா விடாத. இதோ வந்துட்டேன்."

வீட்டில் கட்டியிருந்த லுங்கியோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். கூடவே மஹாதேவன், அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் இன்னொருவர். பன்னீர்செல்வம் எழுந்து நிற்கப் பார்த்தார். என்ன இருந்தாலும் இராஜமாணிக்கம் அவருக்கு மேல்பதவியில், சுபேதாராக இருந்தவராயிற்றே!

"உக்காருடா" என்று தோளை அழுத்தி, அவரும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வெக்கமா இருக்கு சாப்."

"எனக்கும் இருந்துச்சு. மனசு டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கித் தின்னுக்கினு, சுகர் மாத்திரைன்னு உங்களுக்கெல்லாம் கதை விட்டேன் பாரு! அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா நீ இப்படி ஒத்தையில கெடந்திருப்பியா?"

"சனிக்கிழமை உன் நாற்காலியில எவனையும் உக்கார விடலப்பா" என்றார் மஹாதேவன்.

பன்னீர்செல்வம் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

சத்தம் கேட்டுப் பௌதி மாடி ஏறிவந்தாள். ஊரிலிருந்து திரும்பிவிட்டாரா என்று கேட்டவளிடம், அவருக்கு மனசு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று விஜயா வங்காள மொழியில் சொன்னாள். சொல்லிவிட்டு, முகம் மாறுகிறதா என்று பார்த்தாள். பௌதியோ கையை நீட்டி வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியானம் எல்லோருக்கும் தன் வீட்டில்தான் சாப்பாடு என்றாள். இந்தப் பெண்ணிடமா இத்தனை நாள் ஒளித்தோம் என்று விஜயாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் நெடுநேரம் பேசினார். மருந்து எழுதினார். அடுத்தடுத்து வரச் சொன்னார், கொஞ்ச காலத்துக்கு யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார். யார் எந்த நாள் வருவது என்று இராஜமாணிக்கமும் மஹாதேவனும் அங்கேயே அடித்துக்கொண்டார்கள். விஜயா கணவரின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு உயிரோட இருப்பீங்களா?"

"இருக்கேன்."

"நாளைக்கு?"

அவர் திரும்பி அவளை நேராகப் பார்த்தார்.

"தெரியல. நாளைக்கும் கேளு விஜயா."