வாசலை மறிக்கும் நிழல்

கள்ளக் கையெழுத்துப் போட்ட காசோலை முன்னால் வந்தால் அவளுடைய நிழல் தரையிலிருந்து எழுந்து போய் வாசலை மறித்து நிற்கும். வங்கியில் காசாளர் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பயிற்சி கொடுத்தவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அவர் ஆச்சரியப்படவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்தார். மோசடியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், கண்டுபிடித்தது எதிரில் நிற்பவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது மீதி வேலை என்பது அவர் கட்சி. சிரித்த முகமாக, சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ, உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் உள்ள மணியை அழுத்த வேண்டும். நிழல் போய் வாசலில் நின்றால் வந்தவன் உஷாராகிவிட மாட்டானா? தேர்வு நாளன்று அது எழுந்தால் வேலை கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சித்தி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். சம்பளம் வந்தால் தனியாக ஓர் அறை பார்க்கலாம். நிழலைத் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் அதன் காலில் நாற்காலியை ஊன்றி உட்காரப் பழகினாள். சாயங்காலங்களில் சித்தப்பாவை வாடிக்கையாளராக நிறுத்தி அந்தச் சிரிப்பை ஒத்திகை பார்த்தாள்.

தேர்வு நாளன்று சித்தப்பாவே பணம் எடுக்க வந்து சித்தி கணக்கின் காசோலையை நீட்டினார். மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டாள். ஒரு சுழி பிசகவில்லை. அதற்குள் நிழல் அவளை நாற்காலியோடு பின்னுக்கு இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டது.

"அச்சு அசலா இருக்கேம்மா, இப்ப எதுக்கு எழுந்துச்சு?" என்றார் பூதக்கண்ணாடி.

வேலை போனது போனதுதான். பணத்தைக் கொடுத்துவிட்டால் வீட்டிலாவது நிம்மதி மிஞ்சும். ஆனாலும் அவள் கை மணியைத் தேடிப் போயிற்று.

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ சித்தப்பா, உக்காருங்க."

"இதத்தானே ஒரு வாரமா என்கிட்டயே சொல்லிப் பழகுன?" என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி. அங்கே வழியில்லை. உட்கார்ந்தார்.

சித்தியை வரவழைத்தார்கள். சித்தி போட்ட கையெழுத்து அட்டையோடு ஓர் எழுத்துக்கூட ஒட்டவில்லை. வாசலில் நின்ற நிழலோ திரும்பி வந்து தரையில் படுத்துக்கொண்டது. கணக்கு தொடங்கிய நாளிலேயே, சித்திக்கு எதற்கு அலைச்சல் என்று, அட்டையிலும் சித்தப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு எல்லாக் காசோலையிலும்.

"என் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று சித்தி முதன்முறையாகக் கேட்டாள். சொன்னார்கள். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். "புது அட்டை குடுங்க" என்றாள் சித்தி.

பூதக்கண்ணாடி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வந்தவர் ஓடவில்லை, உட்காரத்தான் செய்தார், ஆகவே விதி மீறப்படவில்லை என்று எழுதித் தேர்ச்சி கொடுத்தார். சித்தப்பா அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவள் அறை பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போதெல்லாம் கணக்கு தொடங்க வரும் தம்பதியில் மனைவியின் அட்டைக்குக் கணவன் பேனாவைத் திறந்தால், காவலாளி தன் நாற்காலியை வாசலிலிருந்து நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்; நிழல் நிற்க இடம் வேண்டுமே.