ஆராயிக்குக் கொடுத்த தண்ணீர்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே தனபாலின் எஸ்டேட். காப்பிக்கொட்டை உலர்த்தும் தகரக் கொட்டகைக்குள் அன்று காலை ஆறு மணிக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். அடுப்பு வாயில் விறகு தள்ளியபடி குந்தியிருந்தாள் கண்ணம்மாள். சூட்டுத் தளத்தின் இரு பக்கமும் கௌரியும் சரண்யாவும், கொட்டை புரட்டும் பலகையோடு. சூடு கூடுதலான நடுவிடத்தில் ஆராயி. மூட்டையோரம் கண்ணம்மாளின் மகள் சௌமியா. சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம், லீவுக்கு வந்து அம்மாவோடு வேலைக்கு நின்றவள்.

கதவு வெளியே பூட்டியிருந்தது. கொட்டை திருடு போகிறதாம். அதனாலேயே கஞ்சித் தூக்குப்போசிக்கும் தடை. உப்புப் போட்ட கேழ்வரகுக் கஞ்சி வெளியே மரத்தடியில் ஆறிக் கிடக்க, உள்ளே ஒரு டிரம் தண்ணீர் மட்டும்.

பதினொரு மணிக்கு ரவிக்கையைப் பிழிந்தால் சொட்டும். ஆராயிக்குத் தலைவலி, குமட்டல்.

"குடிங்கக்கா" என்று சௌமியா சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். மற்றவர்களும் மொண்டு கொடுத்தார்கள். குடிக்கக் குடிக்க ஆராயிக்கு நாக்குக் குழறியது. பிறகு கையும் காலும் வெட்டி இழுத்தன. கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். சாவியோடு எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வர அரை மணி நேரம் ஆனது.

வேர்வையோடு உப்பும் போய், வெறும் தண்ணீரே சேர்ந்ததால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கிவிட்டது என்றார், ஆராயியைக் கொண்டுபோன சேலம் ஆஸ்பத்திரி டாக்டர். ஆராயி பிழைத்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பாடத்தில் சௌமியா போன மாதம்தான் பரீட்சை எழுதியிருந்தாள்.

மூன்றாம் நாள் தனபால் கண்ணம்மாள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"ஆராயிக்கு முந்தியே வலிப்பு உண்டுன்னு எழுதிக் குடு கண்ணு. படிச்ச புள்ள எழுத்துக்கு மதிப்பு."

"அக்காளுக்கு அப்பிடி எதும் இல்லீங்க."

"தண்ணி குடுத்தது நீதான? காலேஜுக்கு ஒரு போன் போட்டா போதும். உங்கம்மா இருக்கற ஊடும் என்னுது."

அவர் போன பிறகு சௌமியா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பூட்டு.

சாயங்காலம் பெண்களிடம் சொல்லி அழுதாள். "என் கையாலதானுங்க ஆச்சு."

கௌரி முறைத்தாள். "நொம்பப் பெரிய டாக்டரு! இவ ஒருத்திதான் குடுத்தாளாம். நாங் குடுக்கலியா?"

"ரெண்டு சொம்பு நானு" என்றாள் சரண்யா.

"ஊட்ட விட்டுத் தொரத்துனா?" என்றாள் கண்ணம்மாள்.

"எல்லாரையும் தொரத்தட்டுங்கக்கா" என்றாள் கௌரி. " அப்பறம் கொட்டைய அவரா பொரட்டுவாரு?"

சௌமியா சேலத்துத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினாள். பூட்டு, கஞ்சித் தடை, அரை மணி நேரம், எல்லாம் மணிவாரியாக. 'தண்ணீர் கொடுத்தவள் நான்' என்பதையும் மறைக்கவில்லை. அதன் கீழே கௌரி, 'நானும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சரண்யாவும் அப்படியே. கண்ணம்மாள் வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். கதவைப் பூட்டாமல் திறந்து வைக்கும்வரை கொட்டகைக்குள் போவதில்லை என்றும் எழுதினார்கள்.

மறுநாள் அடுப்பு மூட்ட ஆளில்லை. நால்வரும் ஏற்காடு பஸ் ஏறினார்கள். தபாலாபீசில் சௌமியா உறையை ஒட்டி நீட்டினாள்.

"அனுப்பறது யாரும்மா? ஒரு பேரு போதும்."

"இல்லீங்க, நாலு பேருங்க" என்று முந்திக்கொண்டாள் கண்ணம்மாள்.

சௌமியா ஓரத்தில் நான்கு பெயரையும் நெருக்கி எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா எடைபோட்டு, முத்திரை குத்தி, சேலம் பையில் போட்டார்.